கதவுப் பட்டை ஒட்டிய கிட்டார்

"இந்தக் கிட்டார்ல ஜாஸ் வராது, கேட்டியா குட்டி. கல்யாண ரிசப்ஷன் வேணும்னா நடத்தலாம்."

இப்படிச் சொன்னவர் மணி சார். சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. நான் மறதிக்காரி என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். குடையை மறப்பேன். கேஸ் புக் செய்ய மறப்பேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அதை வைத்ததையே மறப்பேன். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மறக்க முடியவில்லை. சில வாக்கியங்கள் அப்படித்தான்... வாடகை கொடுக்காமல் மண்டைக்குள் குடியிருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை அதைக் காலி செய்ய வைத்தேன். அந்தக் கதைதான் இது.

திருவனந்தபுரத்தில் ஜாஸ் கேட்கிறவர்களை எல்லாம் சேர்த்தால் ஒரு மினி பஸ்ஸில் ஏற்றிவிடலாம். அதில் பாதிப் பேர் கிட்டார் வைத்திருப்பவர்கள். கவனியுங்கள் — வாசிப்பவர்கள் என்று சொல்லவில்லை. வைத்திருப்பவர்கள்.

அவர்களுக்குத் தலைவர் மணி சார். பெரிய கம்பெனியில் பெரிய வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கோட்டைக்குள் பழைய தெருவில் வீடு. மாடியில் கிட்டார்களுக்கென்றே ஒரு அறை. பதினொரு கிட்டார்கள். பெயர் கிடையாது, நம்பர்தான். அறைக்கு ஏசி உண்டு. காற்றின் ஈரத்தை உறிஞ்ச ஒரு மெஷின், ஈரம் எவ்வளவு என்று காட்ட இன்னொரு மெஷின். செருப்பைக் கழற்றி, கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கீழே ஹாலில் அவர் மனைவி, மாமி, சீலிங் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருப்பார்.

"மாமி, நீங்க மேலே வரலையா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"எனக்கு நம்பர் குடுக்கலையே" என்றார்.

என் கிட்டாருக்கு நம்பர் தேவைப்படவில்லை. ஒன்றே ஒன்று. திருவிழாக்களில் சினிமாப் பாட்டு பாடும் கானமேளா குழு ஒன்று கலைந்தபோது செகண்ட் ஹேண்டில் கிடைத்தது. உள்ளே கூடாக, வயலின் போல இரண்டு பக்கமும் வளைந்த துளைகளோடு இருக்கும் வகை. ஜாஸ் வாசிப்பவர்கள் விரும்புவது இந்த வகையைத்தான். ஆனால் என்னுடையது அந்தக் குடும்பத்தின் ஏழைச் சொந்தக்காரி. பாலிஷ் இரண்டு இடத்தில் உரிந்திருக்கும். பின்பக்கம் 'காதல்' என்று யாரோ காம்பஸால் கீறி, பிறகு மனம் மாறி அடித்திருக்கிறார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்பா போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் பிறந்து, அங்கே வேலை இல்லை என்றானபின் மலை இறங்கி, சாலை பஜாரில் ஒரு ஹார்ட்வேர் கடையில் சாமான் எடுத்துக் கொடுப்பவர். பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஸ்க்ரூவின் அளவு சொல்வார்.

"இதுல ரெண்டு பக்கமும் ஓட்டை கிடக்கே. விக்கிறப்ப அவன் பறையலையா?"

"அப்பா, அது அப்படித்தான். டிசைன்."

"ஆமா. எங்க கடையிலயும் ஓட்டை விழுந்த வாளியை டிசைன்னு சொல்லி ஒரு ஆளு தலையில கட்டுனான் முதலாளி."

அப்பா சொன்ன ஓட்டைதான் உண்மையில் பிரச்சினை. இந்த வகைக் கிட்டாரை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தால், ஸ்பீக்கரில் வரும் ஒலி துளை வழியே உள்ளே புகுந்து மறுபடி ஸ்பீக்கருக்கே போய், ஊ... என்று ஊளையிடும். இதைத் தடுக்க மணி சார் வெளிநாட்டிலிருந்து ரப்பர் மூடிகள் வரவழைத்திருக்கிறார். பார்சல் கஸ்டம்ஸில் மாட்டி வெளியே வந்த கதையை அரை மணி நேரம் சொல்வார். நான் அப்பாவிடம் கேட்டேன். கதவு இடுக்கில் ஒட்டுகிற ஃபோம் பட்டை ஒரு சுருள் கொண்டுவந்தார். வெட்டித் துளைகளில் அடைத்தோம். ஊளை நின்றது.

"இதுக்காக்கும் பி.எஸ்சி. படிச்சது?" என்றார் அப்பா. குரலில் பெருமைதான், முகத்தில் காட்ட மாட்டார்.

ஆம், எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். பிறகு கல்லூரி, ஃபிசிக்ஸ். 'ஹெர்ட்ஸ்' என்ற சொல்லை எங்கள் வம்சத்துக்குள் அழைத்து வந்தவள் நான்தான். கொஞ்சம் தலைக்கனம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கிட்டாரில் எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. கல்லூரி பஸ்ஸில் ஒரு தோழி ஒரே ஒரு விதி சொல்லிக்கொடுத்தாள். "ஒரு கம்பியில ஐந்தாவது கட்டையை அமுக்கினா என்ன சத்தமோ, அதுதான் அடுத்த கம்பி. அப்படியே ஆறு கம்பியையும் சேர்த்துக்கோ." அவள் இறங்க வேண்டிய ஸ்டாப் வந்துவிட்டது. இறங்கிவிட்டாள். சொல்லாமல் விட்டது இதுதான்: எல்லாக் கிட்டாரிலும் ஒரே ஒரு இடத்தில் இந்த விதி மாறும். அங்கே ஐந்தாவது கட்டை இல்லை, நான்காவது.

எனக்கு எப்படித் தெரியும்? நான் ஆறையும் ஐந்து ஐந்தாகவே சேர்த்தேன். அதனால் என் கிட்டாரில் கடைசி இரண்டு மெல்லிய கம்பிகள் மற்றவர்களுடையதைவிட ஒரு கட்டை ஏறியே நிற்கும். அதிலேயே பழகி, அதிலேயே விரல் ஓடி, ஒரு வருடம் கழித்துத்தான் 'தப்பு' என்று தெரிந்தது. இன்னும் ஒரு வருடம் கழித்து, சில ஜாஸ்காரர்கள் இதையே வேண்டுமென்று செய்கிறார்கள் என்றும் தெரிந்தது. எல்லா இடத்திலும் ஒரே தூரம் இருந்தால் கைக்கு ஒரே கணக்குதானே! அவர்கள் ஆராய்ந்து போய்ச் சேர்ந்த இடத்துக்கு நான் பஸ் ஸ்டாப் தவறிப் போய்ச் சேர்ந்திருந்தேன்.

மணி சாரிடம் இதைச் சொன்னபோதுதான் அந்தப் புகழ்பெற்ற வாக்கியம் வந்தது.

இரண்டு மாதம் முன்பு அவருடைய ஜாஸ் குழுவில் இருந்த இரண்டாவது கிட்டார்காரர் துபாய்க்குப் போய்விட்டார். ஊரில் உள்ள ஒரு பழைய கிளப்பில் கச்சேரி ஒப்புக்கொண்டாகிவிட்டது. மினி பஸ்ஸில் தேடினார். கிட்டார் வைத்திருப்பவர்கள் நிறைய; வாசிப்பவர் கிடைக்கவில்லை. போன் எனக்கு வந்தது.

"ஞாயத்துக்கிழமை நன்னா வந்தா உன்னை பெர்மனெண்ட் ஆக்கிடறேன். ரெண்டே கண்டிஷன். என் கிட்டார்தான் வாசிக்கணும். மேடையில உன்னோட சாதனம் பார்க்க நன்னாருக்காது. ரெண்டு, ஸ்டாண்டர்ட் ட்யூனிங். உன் அஞ்சு கணக்கு வேண்டாம்."

நான்கு வருடமாகக் கல்யாண ரிசப்ஷனில், பிரியாணிப் பந்திக்கு முதுகைக் காட்டி வாசித்தவள் நான். ஒரு மேடை, ஒரு ஜாஸ் குழு, அதில் எனக்கென்று ஒரு நாற்காலி. அதற்காக எதற்கும் சம்மதித்திருப்பேன். சம்மதித்தேன். ஏழாம் நம்பர் கிட்டார் எனக்கு ஒதுக்கப்பட்டது. இரண்டு மாதம் இடது கையால் கையெழுத்துப் போடுவது போல வாசித்தேன்.

இதற்கு நடுவில்தான் இயற்கை உள்ளே நுழைந்தது.

உலகத்தில் பெரும்பாலான வாத்தியங்கள் 'ஏ' என்கிற சுரத்தை நொடிக்கு நானூற்று நாற்பது அதிர்வு என்று வைத்துக்கொண்டு ஸ்ருதி சேர்க்கின்றன. மணி சார் இணையத்தில் எங்கோ படித்தார் — நானூற்று முப்பத்திரண்டுதான் இயற்கையின் ஸ்ருதி, அதில் வாசித்தால் மனம் அடங்கும், செடிகூட நன்றாக வளரும். அன்றே ட்யூனரை முப்பத்திரண்டுக்கு மாற்றிவிட்டார். பதினொரு கிட்டாரும் இறங்கின.

"சார், எட்டு ஹெர்ட்ஸ் குறையுது" என்றேன்.

"காது பழகணும், குட்டி."

"செடி நிஜமாவே வளருமா சார்?"

பால்கனியைக் காட்டினார். மணி பிளான்ட் பச்சைப் பசேலென்று தொங்கியது. பிளாஸ்டிக்.

பாவம், சாக்ஸஃபோன் வாசிக்கும் ஜோஸ்தான் மாட்டிக்கொண்டார். கிட்டாரில் முளையைத் திருகிவிடலாம். சாக்ஸஃபோனில் எதைத் திருகுவது? வாயில் வைக்கும் பகுதியை வெளியே இழுத்து இழுத்து, கழன்று விழும் நிலைக்குக் கொண்டுவந்து வாசித்தார். அப்போதும் மணி சார் விடவில்லை.

"ஜோஸே, நீ ஷார்ப்பாக்கும். மேல நிக்கறே."

"சாரே, இனி வலிச்சு இழுத்தா இது கையில் வரும்!"

இரண்டு மாதம். ஒரு மனிதனை அவன் சரியாக இருந்ததற்காகத் திட்டினோம்... நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நாற்காலி முக்கியம் அல்லவா?

ஞாயிறு வந்தது. கச்சேரி மாலை ஐந்துக்கு. நாங்கள் மூன்றுக்கே போய்விட்டோம், ஏனென்றால் மணி சாரின் சாமான்களை இறக்கவே ஒரு மணி நேரம் வேண்டும். வால்வ் போட்ட கனமான ஆம்ப்ளிஃபயர். காலால் மிதித்து ஒலியை மாற்றும் பெடல்கள் வரிசையாகப் பதித்த பலகை. எந்த வயர் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அம்புக்குறி. நான் என் கிட்டாரையும் பழக்கத்தில் தோளில் மாட்டிக்கொண்டு வந்திருந்தேன். "அதை வெளியே வை" என்றார். செக்யூரிட்டி அறையில் குடைகளோடு சாய்த்து வைத்துவிட்டு வந்தேன்.

பியானோ வாசிக்க நாகர்கோவிலிலிருந்து ரேச்சல் அக்கா நாலரைக்குத்தான் வந்து சேர்ந்தார். சர்ச்சில் வாசித்து வளர்ந்தவர், இப்போது ஊர் ஊராக ஜாஸ் வாசிப்பவர். அவருக்கு ஒத்திகை கிடையாது, நேராக மேடைதான். கிளப்பின் பியானோ முன்னால் உட்கார்ந்தார். ஆட்கள் வருமுன் ஒலியைச் சரிபார்க்க முதல் பாட்டைத் தொடங்கினோம்.

நான்கு விநாடி. ஒரே வீட்டில் இரண்டு டிவி வேறு வேறு சேனலில் ஓடுவது போல இருந்தது.

ரேச்சல் அக்கா கையை எடுத்தார். "என்ன மக்களே, யாருக்கு உடம்பு சரியில்ல?"

மணி சார் பியானோவைப் பார்த்தார். "பியானோவுக்காக்கும். ஸ்ருதி மேல நிக்கறது. இதை நானூத்தி முப்பத்திரண்டுக்கு இறக்க முடியுமோ?"

அக்கா சிரிக்கவில்லை. அதுதான் அழகு. "இறக்கலாமே. இருநூறு கம்பிக்கு மேல உண்டு. நீங்க ஸ்பானர் கொண்டு வாங்க, நான் பிடிச்சுக்கிடுதேன். அடுத்த ஞாயிறு முடியும்."

பின்னாலிருந்து ஜோஸின் குரல் மெதுவாக எழுந்தது. "அப்போ என்டெ சாக்ஸ் சரியாயிருந்நு, அல்லே சாரே?" வாய்ப் பகுதியை டக்கென்று உள்ளே தள்ளினார். இரண்டு மாத அவமானம் அந்த ஒரு சத்தத்தில் உள்ளே போனது.

"ஷெரி, எல்லாரும் பியானோவுக்கு ட்யூன் பண்ணுங்கோ!" என்றார் மணி சார்.

இங்கே நான் ஒரு தப்பு செய்தேன். ஒத்துக்கொள்கிறேன். எப்படியும் ஆறு கம்பியையும் ஏற்றத்தானே வேண்டும்? கை தானாக என் கணக்குக்குப் போனது. ஏழாம் நம்பரை ஐந்து ஐந்தாக, என் வழியில் சேர்த்துவிட்டேன். மேடையில் ஏறி இடது கையால் கையெழுத்துப் போட எனக்கு மனமில்லை.

அந்தப் பக்கம் மணி சார் தன் முதல் நம்பர் கிட்டாரை முறுக்கிக்கொண்டிருந்தார். அதில் இருந்தவை ஒன்பது வருடத்துக் கம்பிகள். கம்பி பழகப் பழகத்தான் டோன் வரும் என்பது அவர் கொள்கை; மாற்றவே மாட்டார். முறுக்கினார். முறுக்கினார். பட்!

மூன்றாவது கம்பி சுருண்டு அவர் மூக்குக்கு முன்னால் ஆடியது.

"ஸ்பேர் இருக்கா சார்?" என்றேன்.

"இருக்கு. ஆத்துல."

"எடுத்துட்டு வரலையா?"

"அது ஊறிண்டிருக்கு. திறந்து வெச்சு ரெண்டு வருஷம்தான் ஆறது."

ஆம். கம்பியை ஊறுகாய் போல அலமாரியில் ஊற வைத்திருந்தார். பதினொரு கிட்டார், அதில் ஒன்பது வீட்டு ஏசியில். மூன்று மெஷின், அம்புக்குறி போட்ட வயர்கள். மாற்றுக் கம்பி ஒன்றுகூட இல்லை. நேராக என்னிடம் வந்து கையை நீட்டினார்.

"குடு."

"சார், இது..."

"என் கிட்டார்தானே? நீ இன்னிக்கு உட்காந்து கேளு. அடுத்த தடவை பார்த்துக்கலாம்."

என் கழுத்திலிருந்து அதைக் கழற்றினார். கண்ணெதிரே நாற்காலி போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் சொன்னேன், சத்தியமாகச் சொன்னேன். "சார், அதுல என் ட்யூனிங் இருக்கு. கடைசி ரெண்டு கம்பி..."

"எனக்கு நீ கிளாஸ் எடுக்கண்டாம்." கிட்டாரின் தலையில், நானூற்று நாற்பதுக்குத் திரும்பியிருந்த கிளிப் ட்யூனரை மாட்டினார். ஒவ்வொரு கம்பியாகத் தட்டினார். பச்சை. பச்சை. பச்சை. பச்சை. பச்சை. பச்சை. "பார்த்தியோ? பெர்ஃபெக்ட்."

இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்த ட்யூனருக்கு நாம் எந்தச் சுரத்தை விரும்புகிறோம் என்று தெரியாது. ஏதோ ஒரு சுரம் சுத்தமாக இருந்தால் பச்சை காட்டும். எந்தச் சுரம் என்பதைப் பக்கத்தில் ஒரு எழுத்து சொல்லும். மணி சார் பச்சையைப் பார்த்தார். எழுத்தைப் பார்க்கவில்லை.

நான் கீழே இறங்கினேன். பார்வையாளர் வரிசையில் உட்காரப் போனவள் உட்காரவில்லை. 'உட்காந்து கேளு' என்று இவர் சொல்வதைக் கேட்கவா எங்கப்பா ஃபோம் பட்டை கொண்டுவந்தார்? செக்யூரிட்டி அறைக்குப் போனேன். குடைகளை ஒதுக்கி என் கிட்டாரை எடுத்தேன்.

திரும்பி வந்தபோது ஐந்து மணி. ஆட்கள் வந்துவிட்டார்கள். மணி சாருக்கு என் கையில் இருந்ததைப் பார்த்து முகம் சுருங்கியது. "அந்தச் சாதனமா? ப்ளக் பண்ண இடமில்லை."

"இடம் உண்டு" என்றார் ரேச்சல் அக்கா, பியானோவிலிருந்து தலையைத் திருப்பாமல். "அந்தப் பெட்டியில போடு பிள்ளே."

அவர் காட்டியது கிளப்பின் பழைய மைக் பெட்டி. வாரத்தில் ஒரு நாள் கிளப்காரர்கள் தம்போலா ஆடும்போது நம்பர் கூவுவது அதில்தான். மணி சாரின் பிரம்மாண்டமான ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால், தூசியோடு நின்றது. வயரை அதில் செருகினேன். ஊளை இல்லை. கதவுப் பட்டை வாழ்க.

முதல் பாட்டு. மணி சார் கண்ணை மூடி, ஆறு கம்பியையும் சேர்த்து முதல் கார்டை வாசித்தார். கண் உடனே திறந்துகொண்டது.

நான்கு கம்பி சரி, இரண்டு கம்பி வேறு உலகம். ஒரு பெடலை மிதித்தார். இன்னொன்றை மிதித்தார். நான் பக்கத்தில் சாய்ந்து "சார், கடைசி ரெண்டு கம்பி..." என்றேன். "ப்ளே, ப்ளே!" என்று பல்லைக் கடித்தார். பாட்டு முடிந்ததும் ட்யூனரைத் தட்டினார். ஆறும் பச்சை. வயரை மாற்றினார். இரண்டாவது பாட்டு. அதே கதை. ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தில் தட்டினார். சந்தேகப்படாத பொருள் மேடையில் ஒன்றுதான் மிச்சம்... பச்சை விளக்கு.

மூன்றாவது பாட்டில் அவர் விரல் மெல்ல வால்யூம் திருகுக்குப் போவதைப் பார்த்தேன். பூஜ்யம். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் அவர் வாசித்தது கண்கொள்ளாக் காட்சி. தலை ஆட்டினார், புருவம் நெரித்தார், கடினமான இடங்களில் உதட்டைக் கடித்தார். சத்தம் மட்டும் வரவில்லை.

சத்தம் தம்போலாப் பெட்டியிலிருந்து வந்தது. இரண்டு மாதத்தில் முதல் தடவையாக வலது கையால் கையெழுத்துப் போட்டேன். ரேச்சல் அக்கா ஒரு வரி வாசித்து நிறுத்துவார். நான் பதில் சொல்வேன். ஜோஸ் வந்து சேர்ந்துகொள்வார். ஒரு கட்டத்தில் அக்கா என்னைப் பார்த்துச் சிரித்து, பாட்டை எதிர்பாராத சுருதிக்குத் தூக்கிவிட்டார். விழவில்லை. எனக்கு எல்லா இடத்திலும் ஒரே தூரம்தானே.

முடிந்ததும் லினன் சட்டை போட்ட ஒருவர் மேடையை நோக்கி ஓடி வந்தார். என்னைத் தாண்டி மணி சாரிடம் போனார். "சார், என்ன ஒரு டோன்! எவ்வளவு வார்ம்! எப்படி சார் இது?"

மணி சார் என்னைப் பார்த்தார். ஒரு விநாடி. பிறகு அவரிடம் திரும்பினார்.

"அது கம்பியாக்கும். ஒன்பது வருஷத்துக் கம்பி."

லினன் சட்டை குறிப்பெடுத்துக்கொண்டது. இனி இந்த ஊரில் இன்னும் எத்தனை அலமாரியில் கம்பி ஊறப்போகிறதோ!

சாமான்களைக் கட்டும்போது மணி சார் அருகில் வந்தார். "நன்னா கூடவே வந்தே. நீ பெர்மனெண்ட். ஏழாம் நம்பர் உனக்குத்தான். ஸ்டாண்டர்ட் ட்யூனிங் மட்டும் மறக்காதே."

பாருங்கள், நாற்காலி கிடைத்தேவிட்டது. இரண்டு வருடம் ஆசைப்பட்ட நாற்காலி. ஆனால் அதில் உட்கார வேண்டுமென்றால் என் கிட்டாரை மறுபடி குடைகளோடு வைக்க வேண்டும்.

"வேண்டாம் சார்" என்றேன். "ஏழாம் நம்பரை எடுக்கும்போது கடைசி ரெண்டு கம்பியை ஒரு கட்டை இறக்கிடுங்க. பச்சை எரியும். ஆனா பக்கத்துல ஒரு எழுத்தும் எரியும்."

அவர் ட்யூனரைப் பார்த்தார். முதல் தடவையாக எழுத்தைப் படித்தார். முகத்தில் என்னென்ன நிறம் வந்தது என்று எழுத மாட்டேன். பச்சை இல்லை என்பது மட்டும் உறுதி.

பழவங்காடி வரை ரேச்சல் அக்கா காரில் கொண்டுவிட்டார். இறங்கும்போது, "அடுத்த மாசம் அதே கிளப்புல நானும் நீயும் மட்டும் வாசிப்போமா? அந்தப் பெட்டியும் நமக்குத்தான்" என்றார்.

நேற்று கிளப்பிலிருந்து ஒரு விண்ணப்பம் மெயிலில் வந்தது. 'மேடையில் பயன்படுத்தும் கருவிகளின் முழு விவரம்' என்று அரைப் பக்கம் காலி இடம் விட்டிருந்தார்கள். மணி சாருக்கு அது போதாது. எனக்கு மூன்று வரி போதுமாக இருந்தது. கிட்டார், ஒன்று. அதில் கதவுப் பட்டை, சாலை பஜார். ஸ்பீக்கர், உங்கள் தம்போலாப் பெட்டி.

அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "பட்டை எத்தனை இஞ்சுன்னு போடலியே?" என்றார். போட்டேன்.

அனுப்பியும்விட்டேன்.